அக்கரைக் கையில் தொங்கிய சட்டை

செவ்வாற்றில் எதைப் பற்றி வேண்டுமானாலும் பொய் சொல்லலாம். பஞ்சுப் பொதியின் எடையைக் கூட்டிச் சொல்லலாம், கோவேறு கழுதையின் வயதைக் குறைத்துச் சொல்லலாம், நியூ ஆர்லியன்ஸில் தனக்கு மாடி வீடு இருக்கிறது என்று அளந்துவிடலாம். யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். தண்ணீரைப் பற்றி மட்டும் பொய் சொல்லக் கூடாது. எத்தனை அடி, எந்தப் பக்கம், ஏறுகிறதா, இறங்குகிறதா என்று படகிலிருந்து ஒருவன் கேட்டால், அவன் உங்கள் கோழியைத் திருடியவனாக இருந்தாலும் உள்ளதைத்தான் சொல்லவேண்டும். எங்கேயும் எழுதிவைத்த சட்டம் இல்லை இது. ஆனாலும் இந்த ஆற்றங்கரையில் அதை மீறியவன் என்று எனக்குத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

என் பெயர் ஒனெசிம். ஆற்று வளைவுக்குக் கீழே விறகுக் கடை வைத்திருக்கிறேன். நீராவிப் படகுகள் விறகைத் தின்று ஓடுகிறவை. பத்து மைலுக்கு ஒருதரம் அவற்றின் வயிற்றுக்கு ஏதாவது போடவேண்டும். என் கரையில் வந்து நிற்கும், ஏற்றிக்கொள்ளும், போய்விடும். மனைவி செலனீர் ஆயிரத்தெண்ணூற்று ஐம்பத்துமூன்றாம் வருஷத்து மஞ்சள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை கிடையாது. மரம் வெட்ட இரண்டு பேரை வைத்திருந்தேன். வடக்குக்கும் தெற்குக்கும் யுத்தம் வந்ததும் கோட்டை கட்டவேண்டும் என்று அவர்களையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு நானும் ஒரு கழுதையும்தான். கழுதை நல்லது, ஆனால் பேச்சுத்துணைக்கு ஆகாது.

கடைக்கு எதிரே ஆற்றின் நடுவில் ஒரு சின்னத் தீவு இருக்கிறது. ஆறு அங்கே இரண்டாகப் பிரிகிறது. என் பக்கம் ஓடுவது இக்கரை வழி, அந்தப் பக்கம் ஓடுவது அக்கரை வழி. தண்ணீர் ஏறி இறங்கும்போதெல்லாம் மணல் இடம் மாறிவிடும். போன வாரம் ஆறடி இருந்த இடத்தில் இந்த வாரம் கொக்கு நிற்கும். அதனால் தினமும் காலையில் மரக்கட்டையில் குடைந்த என் சிறிய ஓடத்தில் போய்க் கழியை ஊன்றி இரண்டு வழியையும் அளந்துவிட்டு வருவேன். வளைவு திரும்பி வரும் படகுக்கு எந்த வழி என்று முடிவு செய்யச் சில நிமிஷம்தான் உண்டு. படகைச் செலுத்தும் சுக்கானி மணியை இரண்டு தரம் அடிப்பான். நான் கரை நுனியில் நின்று கூவுவேன். எனக்குத் தொண்டை நல்ல தொண்டை. மாதாகோவிலில் என்னைப் பாட விடமாட்டார்கள், காது போய்விடும் என்பார்கள். ஆற்றுக்கு அது போதும்.

காற்றடிக்கிற நாளிலும் மூடுபனி நாளிலும் தொண்டை உதவாது. அதற்காக ஒரு கம்பம் நட்டு, அதில் இரண்டு கைகள் அடித்திருந்தேன். ஒரு கை கரைப் பக்கம் நீண்டிருக்கும், மற்றது ஆற்றுப் பக்கம். செலனீரின் சிவப்பு உள்பாவாடையைக் கிழித்து ஒரு துணி வைத்திருந்தேன். கரைக் கையில் அது தொங்கினால் இக்கரை வழியில் வா என்று பொருள். ஆற்றுக் கையில் தொங்கினால் அக்கரை. அமைதியான நாட்களில் கம்பத்தை யாரும் பார்ப்பதில்லை, குரலே போதும்.

இந்த ஆற்றில் ஓடிய சுக்கானிகளில் ஏனோக் என்று ஒருவர் இருந்தார். வடக்கே ஒகையோவிலிருந்து வந்தவர். பதினோரு வருஷம் எனக்கு அவரைத் தெரியும். தெரியும் என்றால், மார்புக்கு மேலே தெரியும். சுக்கானி மேல்தளத்தில் இருக்கும் தன் கூண்டைவிட்டு இறங்கமாட்டான், அது அவர்கள் வழக்கம். விறகு ஏற்றும் அரைமணி நேரம் அவர் மேலே சன்னலில் முழங்கையை ஊன்றிக்கொள்வார், நான் கீழே கரையில் நிற்பேன், பேசுவோம். அவருடைய பல்வலி, இன்னொருவனோடு போய்விட்ட அவருடைய மனைவி, என் கழுதையின் பிடிவாதம், எல்லாம் பேசியிருக்கிறோம். பதினோரு வருஷத்துப் பேச்சையும் கூட்டினால் நாலைந்து நாள் தேறும். எனக்கு வேறு பேச்சே கிடையாது என்பதால் அது பெரிய சேமிப்பு.

அவர் வெள்ளைக்காரர். நான் கலப்பு ரத்தம், ஆனால் சுதந்திரனாகப் பிறந்தவன், அதற்குப் பத்திரம் இருக்கிறது. அவர் கீழே இறங்காததற்குச் சுக்கானி வழக்கம் மட்டும்தான் காரணமா என்று நான் கேட்டதில்லை. நான் மேலே ஏறாததற்குக் காரணம் அவருக்கும் தெரியும். அதைப் பற்றி இருவரும் வாய் திறந்ததில்லை.

அறுபத்துநாலாம் வருஷம் ஏப்ரல் மாதம் வடக்கத்தியார் படை ஆற்றோடு மேல்நோக்கிப் போனது. கரையோரம் சிப்பாய்கள், தண்ணீரில் படகுகள். பீரங்கிப் படகு, ரொட்டிப் படகு, வைக்கோல் படகு என்று ஒரே நாளில் இருபதுக்கு மேல் எண்ணினேன். அடிமைகளை விடுதலை செய்ய வந்தவர்கள் என்று கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டேன். என் அம்மாவின் அக்காளை இதே கரையில் வைத்து விற்றிருக்கிறார்கள். வந்தவர்கள் முதலில் என் கோழிகளை விடுதலை செய்தார்கள், அப்புறம் வேலிக் கட்டைகளை. ஆனாலும் அவர்கள் ஜெயிக்கவேண்டும் என்றுதான் சூசையப்பர் படத்துக்கு முன்னால் வேண்டிக்கொண்டேன்.

அந்தக் கூட்டத்தில் கிளாரிந்தா என்ற படகு என் கரையில் வந்து ஒதுங்கியது. மேலே சன்னலில் ஏனோக். யுத்தம் தொடங்கி மூன்று வருஷம் அவர் இந்தப் பக்கம் வரவில்லை. தாடி நரைத்திருந்தது. வடக்கத்தியார் அவரைச் சம்பளத்துக்கு அமர்த்தியிருந்தார்கள்.

"என்னப்பா ஒனெசிமு, தண்ணி எப்படி?" என்றார், நேற்றுத்தான் பார்த்தவர்போல.

"அக்கரையில ஏழு அடி, சுக்கானியாரே. இக்கரை ஆகாது, மணல் ஏறிப்போச்சு."

"அது சரி. அந்தச் சட்டைய நான் போன தடவை பாக்கும்போதே துவைக்கணும்னு சொன்னனே. இன்னுமா?"

என்னிடம் இருந்தது ஒரே கம்பளிச் சட்டை, சிவப்பு நிறம். குளிர்காலம் முழுக்க உடம்போடு ஒட்டியிருக்கும். அதைக் கேலி செய்யாமல் அவர் ஒரு தடவைகூடப் போனதில்லை. இன்னும் கொஞ்ச நாளில் அது தானே நடந்து படகேறிவிடும் என்பார். துவைத்தால் நூல்நூலாகப் பிரிந்துவிடும், அழுக்குத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நான் சொன்னேன். சிரித்தார். பிறகு ஒரு சின்னத் துணிப்பையைக் கரைக்கு வீசினார். திறந்து பார்த்தால் காப்பிக் கொட்டை. அசல் காப்பி. மூன்று வருஷமாக நாங்கள் வறுத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை இடித்துக் கொதிக்கவைத்து அதைக் காப்பி என்று சொல்லி எங்களையே ஏமாற்றிக்கொண்டிருந்தோம்.

"வெச்சிரு. தனியாக் குடிச்சுத் தீத்துடாத," என்றார். "திரும்பி வர்றப்ப இங்க எறங்கி வந்து உக்காந்து ஒரு கப்பு குடிக்கிறேன்."

நான் பையை மூடிக் கட்டிவிட்டு அண்ணாந்து அவரைப் பார்த்தேன்.

"நெஜமாத்தான் சொல்றேன். எனக்கும் வயசாச்சு. எத்தன நாளு மேலருந்தே கத்துறது. நீ மட்டும் அந்தச் சட்டையத் துவைச்சு வை. இல்லேன்னா எனக்குக் காப்பி எறங்காது."

படகு போய்விட்டது. நான் அன்றைக்கே செலனீரின் பெட்டியைத் திறந்து அவளுடைய தகரக் கோப்பையை வெளியே எடுத்தேன். பதினோரு வருஷமாக என் வீட்டில் ஒரே கோப்பைதான் புழங்கிக்கொண்டிருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்து என் கோப்பைக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினேன். அடுப்பின் எதிரே ஒரு மரத்துண்டை அறுத்து உட்கார வசதியாகப் போட்டேன். உயரம் சரியா என்று நானே உட்கார்ந்து பார்த்தேன். நாற்பத்தேழு வயசு ஆள் இப்படி ஒரு மரத்துண்டுக்காக அலைவதை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். பார்க்க யாரும் இல்லை.

அடுத்த இரண்டு நாள் மேற்கே காட்டுப் பக்கம் பீரங்கிச் சத்தம் கேட்டது. வடக்கத்தியார் தோற்றுப் பின்வாங்குகிறார்கள் என்று கரையோரம் ஓடிவந்த ஒருவன் சொல்லிவிட்டுப் போனான். படை திரும்பினால் படகுகளும் திரும்பித்தான் ஆகவேண்டும். வழக்கமாக அந்த மாதம் ஆறு ஏறும். அந்த வருஷம் ஏறவில்லை, தினம் நாலு விரல் இறங்கிக்கொண்டிருந்தது. ஆறாம் நாள் காலை அளந்தபோது அக்கரை வழி ஐந்தரை அடி, இக்கரை வழி மூன்று. கிளாரிந்தாவுக்கு நாலடியாவது வேண்டும்.

நான் அளந்துவிட்டு ஓடத்தைக் கட்டும்போது கரைமேல் குதிரைகள் நின்றன. தெற்கத்திப் படையைச் சேர்ந்த டெக்ஸாஸ் ஆட்கள். இருநூறு பேருக்குக் குறையாது, இரண்டு பீரங்கி. அவர்களுடைய கேப்டன் ஹாஸ்கெல் என்பவர் மெலிந்த மனிதர், நல்ல மரியாதையுள்ளவர். நான் யார் என்று கேட்டார், பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு வரி விடாமல் படித்தார், மடித்தார், தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

"வேலை முடிஞ்சதும் திருப்பித் தர்றேன். நான் வாக்குத் தவற மாட்டேன்," என்றார்.

அந்தத் தாள் இல்லாவிட்டால் நான் யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொண்டு போகக்கூடிய ஒரு பொருள். அது அவருக்கும் தெரியும் என்பதால்தான் குரலை உயர்த்தவே இல்லை.

வேலை இதுதான். படகு மணி அடித்துத் தண்ணீர் கேட்டால், இக்கரை வழியைச் சொல்லவேண்டும். அக்கரை மூன்றடி, இக்கரை ஐந்தரை என்று மாற்றிக் கூவவேண்டும். இக்கரை வழி மேட்டுக் கரையை ஒட்டி ஓடுகிறது. மேட்டின்மேல் அவர்கள் படுத்திருப்பார்கள். மணலில் தட்டி நிற்கும் படகைச் சுடக் குறிபார்க்கவே தேவையில்லை. ஆறு இறங்கிக் கிடந்ததால் பின்னால் வரும் பீரங்கிப் படகும் பள்ளத்தில் இருக்கும், மேட்டுக்கு மேலே அதன் குண்டு எட்டாது. கேப்டன் தன் ஆட்களை விட்டு இக்கரை வழியில் இறங்கி நடக்கவைத்துப் பார்த்துவிட்டார். இடுப்பளவுதான் என்று அவருக்கே தெரியும். என்னால் ஏமாற்ற முடியாது.

தண்ணீரைப் பற்றிப் பொய் சொல்வது வழக்கமில்லை ஐயா என்று சொல்லிப் பார்த்தேன். கேப்டன் பக்கத்தில் நின்ற சார்ஜெண்டைப் பார்த்தார். ஸ்ட்ரௌட் என்று பேர், காளைமாட்டுக் கழுத்து.

"டேய், இவனப் பாருங்கடா, ஆத்துக்குப் பூசாரி," என்றான் சார்ஜெண்ட். "விறகு அடுக்குக்குப் பின்னால நான்தான் ஒக்காந்திருப்பேன். துப்பாக்கி உன் முதுகப் பாத்துக்கிட்டே இருக்கும். வேற ஒரு வார்த்தை வந்துச்சு, அதோட முடிஞ்சுது உன் கூவல்."

நான் சாகப் பயந்தேன். இதைச் சுற்றிவளைத்துச் சொல்லத் தேவையில்லை. ஏனோக்குக்காக உண்மையைக் கூவிவிட்டு அங்கேயே விழுந்திருக்கலாம், அப்படிச் செய்யக்கூடிய ஆட்களும் இருக்கிறார்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை. உயிரும் மிஞ்சவேண்டும், அவரும் பிழைக்கவேண்டும் என்று இரண்டுக்கும் ஆசைப்பட்டேன்.

அப்போதுதான் கம்பம் நினைவுக்கு வந்தது. டெக்ஸாஸ் ஆட்கள் குதிரைக்காரர்கள், ஆற்று வழக்கம் அவர்களுக்குத் தெரியாது. வாய் இக்கரை என்று சொல்லட்டும், கம்பம் அக்கரை என்று காட்டட்டும். இரண்டும் முரண்பட்டால் ஏனோக்குக்குப் போதும், கற்பூரம்போலப் பிடித்துக்கொள்வார். சிவப்புத் துணியை எடுக்கப் போனேன். அது ஆணியில் இல்லை. பீரங்கிக்காரன் ஒருவன் அதை எடுத்துக் குழாய்க்குள் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். கரியும் எண்ணெயுமாகக் கறுத்துப்போயிருந்தது. செலனீர் கல்யாணத்துக்கு உடுத்தியது.

என்னிடம் இருந்த இன்னொரு சிவப்பு என் உடம்பின்மேல்தான் இருந்தது. சட்டையைக் கழற்றினேன். ஆற்றில் முக்கி அலசினேன். பிழிந்து எடுத்துக்கொண்டு போய்க் கம்பத்தின் ஆற்றுக் கையில், அக்கரைக் கையில், விரித்துப் போட்டேன்.

"என்னடா அது?" என்றான் சார்ஜெண்ட்.

"சட்ட துவைச்சேன் ஐயா. வெயில் நல்லா இருக்கு, காயட்டும்னு."

"குண்டு பாயப்போற நேரத்துல துணி துவைக்கிறான் பாரு," என்று அவன் மற்றவர்களிடம் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். பயத்தில் மூளை ஒரு பக்கம்தான் வேலை செய்யும்போல. ஏனோக் ஆறு நாளைக்கு முன்னால் அந்தச் சட்டையைப் பற்றி என்ன சொல்லிவிட்டுப் போனார் என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கே வரவில்லை.

மத்தியானம் தாண்டி மூன்று மணி இருக்கும். காற்று கொஞ்சமும் இல்லை. சட்டை கம்பத்தில் அசையாமல் தொங்கியது. மேட்டின்மேல் இருநூறு பேர் படுத்திருந்தும் ஒரு இருமல் சத்தம் இல்லை. வளைவுக்கு அப்பால் முதலில் புகை தெரிந்தது, அப்புறம் இரண்டு புகைபோக்கிகள். முன்னால் வந்தது கிளாரிந்தா, அதன் பின்னால் ஒரு பீரங்கிப் படகு. வேறு படகாக இருக்கக்கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். வேறு படகில் வருகிறவனுக்கும் உயிர் உண்டு என்பதை அப்போது யோசிக்கவில்லை.

மணி இரண்டு தரம் அடித்தது. சன்னலில் நரைத்த தாடி தெரிந்தது.

"என்னப்பா ஒனெசிமு, தண்ணி எப்படி?"

முதுகில் ஈ உட்கார்ந்ததுபோல ஒரு இடம் குறுகுறுத்தது. நான் கூவினேன்.

"அக்கரை மூணு அடி, சுக்கானியாரே. இக்கரை அஞ்சரை. இக்கரையில வாங்க."

என் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. அது நடுங்கும், உடையும், அதிலாவது அவர் பிடித்துக்கொள்வார் என்று நினைத்திருந்தேன். பாழாய்ப்போன தொண்டை, வாழ்நாளில் அவ்வளவு தெளிவாக அது ஒருபோதும் ஒலித்ததில்லை.

ஏனோக்குக்குப் பக்கத்தில் நின்ற ஒருவன் கையை நீட்டிக் கம்பத்தைக் காட்டினான். அதை நான் பார்த்தேன். ஏனோக் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கம்பத்தைப் பார்த்தார். சட்டையை நன்றாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவு தூரத்திலிருந்தும் பல் தெரிந்தது. தொப்பியைக் கழற்றி உயர்த்தி ஆட்டினார்.

புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அத்தனை சந்தோஷம் எனக்கு. பதினோரு வருஷத்தில் நான் பேசியதெல்லாம் வீண்போகவில்லை, வாய் சொல்லாததையும் ஒரு மனிதன் கேட்டுக்கொண்டான் என்று நினைத்தேன். அந்தச் சில நொடிகள்போல நான் யாரோடும் நெருக்கமாக இருந்ததில்லை, செலனீரோடுகூட.

கிளாரிந்தாவின் மூக்கு இக்கரைப் பக்கம் திரும்பியது.

ஏதோ கணக்கு வைத்திருக்கிறார், கடைசி நேரத்தில் அந்தப் பக்கம் வெட்டுவார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் வெட்டவில்லை. சக்கரம் வேகமாகச் சுழல, நம்பிக்கையோடு வருகிற படகு எப்படி வருமோ அப்படி வந்தது. மணலில் ஏறியபோது அதிக சத்தம்கூட இல்லை, ஒரு பெரிய மாடு படுப்பதுபோல முனகிக்கொண்டு சாய்ந்து நின்றது. ஒரு புகைபோக்கி ஒடிந்து விழுந்தது. அதற்குப் பிறகுதான் மேட்டிலிருந்து சுட ஆரம்பித்தார்கள்.

சண்டையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பாதி நேரம் விறகு அடுக்குகளுக்கு நடுவே முகத்தை மண்ணில் வைத்துக் கிடந்தேன். படகின் மேல்தளத்தில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி அதன் பின்னாலிருந்து சிப்பாய்கள் திருப்பிச் சுட்டார்கள். வைக்கோல் பற்றிக்கொண்டது. டெக்ஸாஸ் ஆட்கள் முதலில் குறிவைத்தது சுக்கானிக் கூண்டைத்தான். அதன் பலகைகள் சில்லுசில்லாகப் பறந்தன. பீரங்கிப் படகு கொஞ்சம் பின்வாங்கி, கரை தாழ்ந்திருந்த ஒரு இடத்தைப் பிடித்து, அங்கிருந்து மேட்டின் நெடுக்கே குண்டுமாரி பொழிந்தது. சார்ஜெண்ட் ஸ்ட்ரௌட் என் அடுக்குக்குப் பின்னாலேயே செத்துப்போனான். என்னைச் சுடுவதற்காகப் பிடித்திருந்த துப்பாக்கி கையிலேயே இருந்தது. இன்றைக்கும் அந்தப் பழைய கட்டைகளை அறுத்தால் ரம்பத்தின் பல் ஈயத்தில் மாட்டிக்கொள்ளும்.

ஒன்றரை மணி நேரம் நடந்தது. கடைசியில் பீரங்கிப் படகு கயிறு வீசிக் கிளாரிந்தாவை இழுத்து மணலிலிருந்து பெயர்த்து எடுத்துக்கொண்டு போனது. எந்த வழியாகத் தெரியுமா? அக்கரை வழியாக. தட்டாமல் போனது. கூண்டு இருந்த இடத்தில் நாலு குச்சிகள் மட்டும் நின்றன.

டெக்ஸாஸ் ஆட்கள் தங்கள் பிணங்களைக் குதிரைமேல் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். கேப்டன் ஹாஸ்கெல் ஒரு கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். மற்றக் கையால் கோட்டுப் பையைத் துழாவி என் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தார். மூலையில் ரத்தம் பட்டிருந்தது, எழுத்து அழியவில்லை. நன்றி என்றும் சொன்னார். அன்றைக்கு எல்லோரும் அவரவர் வாக்கைக் காப்பாற்றினார்கள், என்னைத் தவிர.

அவர்கள் போனபின் கரையோரம் இறங்கிப் பார்த்தேன். என் ஓடத்தைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு ஆள் நின்றிருந்தான். கறுப்பன், என் வயசு இருக்கும், தோளில் குண்டு பட்டிருந்தது. சைலஸ் என்று பெயர் சொன்னான். படகின் முனையில் ஒருவன் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை விட்டு ஆழம் அளந்து சொல்வான். அதைக் கேட்டுச் சுக்கானிக்குத் திருப்பிச் சொல்வது சைலஸின் வேலை. ஏனோக்கின் பக்கத்தில் நின்று கம்பத்தைக் கைகாட்டியவன் அவன்தான்.

வீட்டுக்குள் கூட்டிவந்து அடுப்புக்கு எதிரே அந்த மரத்துண்டில் உட்காரவைத்தேன். தோளைக் கட்டினேன். குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்தது. காப்பி போட்டேன். என் கோப்பையில் ஊற்றிக் கொடுத்திருக்கலாம். வழக்கத்துக்கு மாறாகக் கை மற்றக் கோப்பையை எடுத்துவிட்டது. அவன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தான்.

சுக்கானி என்ன ஆனார் என்று கேட்டேன். முதல் வரிசைக் குண்டிலேயே போய்விட்டார், கஷ்டப்படவில்லை என்றான். பிறகு எனக்குத் தெரியவேண்டியதைக் கேட்டேன். கம்பத்தைப் பார்த்தாரே, பார்த்துவிட்டுத்தானே திருப்பினார், ஏன் என்று கேட்டேன்.

"நாந்தான் சொன்னேண்ணே," என்றான் சைலஸ். "கம்பத்துல செவப்பா என்னமோ அக்கரைப் பக்கம் தொங்குது, இந்த ஆளு இக்கரைன்னு கூவுறான், என்னமோ தப்பா இருக்குன்னேன். அவரு எட்டிப் பாத்தாரு. பாத்துட்டு ஒரே சிரிப்பு. அது கொடி இல்லடா, அவன் சட்டை அதுன்னாரு. நான் காப்பி குடிக்க வர்றேன்னு சொன்னதுக்காகத் துவைச்சுப் போட்டிருக்கான் பாருடான்னாரு."

நான் அடுப்பில் ஒரு கட்டையை உள்ளே தள்ளினேன்.

"ரொம்ப சந்தோசமா இருந்தாருண்ணே அப்ப," என்றான். கோப்பைக்குள் பார்த்தான். அப்புறம், "முதுகுல துப்பாக்கி வெச்சிருந்தாங்களா?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன்.

"அப்பச் சரி," என்றான்.

சரி இல்லை என்று இருவருக்கும் தெரியும். அவன் கோப்பையை நீட்டினான், இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். இரண்டு நாள் கழித்து வந்த ஒரு வடக்கத்திப் படகில் அவனை ஏற்றிவிட்டேன். அக்கரை, ஐந்தடி என்று அந்தப் படகுக்கு நான் சொல்லவில்லை, சைலஸ்தான் கூவிச் சொன்னான். என் வாய் திறக்க மறுத்துவிட்டது.

சட்டை நன்றாகக் காய்ந்து விறைத்துப் போயிருந்தது. துவைத்தால் பிரிந்துவிடும் என்று நான் சொன்னதும் பொய்தான், ஒரு நூல்கூடப் போகவில்லை. அதை நான் பிறகு போட்டுக்கொள்ளவில்லை. சட்டையின் இரண்டு கைகளையும் வெட்டிவிட்டுக் கம்பத்துக்குக் கொடித் துணியாக வைத்துக்கொண்டேன்.

யுத்தம் முடிந்து ஒன்பது வருஷம் ஆகிறது. படகுகள் இன்னும் வருகின்றன, விறகு வாங்குகின்றன. காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் கம்பத்தில்தான் சொல்கிறேன். தினமும் இரண்டு தரம் அளக்கிறேன், ஒரு விரல்கூடத் தப்பவிடுவதில்லை. புதுச் சுக்கானிகள் என்னை ஊமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன மாதம் ஒருவன் இரக்கப்பட்டு, வாயைத் திறக்காமல் தொப்பியை மட்டும் கழற்றி மேலேயிருந்து எனக்கு ஆட்டிக் காட்டினான். நானும் கையை உயர்த்திக் காட்டினேன்.